எட்டு பல்பா, நானூற்றைம்பது புள்ளியா: வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து எல்இடி விளக்குகளை இயக்க எந்த வழி?

கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்கும் என் மாமா வீட்டில் கிணற்று மோட்டார் செல்போனில் ஓடுகிறது. விடிகாலை நாலு மணிக்குக் கட்டிலில் படுத்தபடியே ஒரு கால் போட்டால் தோட்டத்தில் தண்ணீர் பாயும். அந்தத் தெம்பில்தான் பொங்கலுக்குப் போயிருந்தபோது கேட்டார்: "ஏப்பா மாப்ள, மோட்டாரே போன்ல ஓடுது. இந்த வீட்டு லைட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல இருந்து ஒண்ணா மாத்தற மாதிரி பண்ண முடியாதா?"

"பண்ணலாமுங்க மாமா. எந்தெந்த லைட்டுன்னு காட்டுங்க."

சுற்றிக் காட்டினார். ஆசாரத்துச் (முன்கூடத்துச்) சீலிங் ஓரமாக ஒரு ஸ்ட்ரிப், அதாவது எல்இடிகள் வரிசையாக ஒட்டிய பட்டை. சாமி ரூமில் சின்ன விளக்குகள் ஒரு பத்து. காம்பவுண்டுச் சுவர் நெடுக 15 மீட்டருக்குக் கலர் லைட். தென்னை மரத்தடியில் 230 வோல்ட் ஃபோகஸ் லைட் ஆறு. கட்டுத்தரையில் ஒற்றை பல்பு. மற்ற நாளில் எல்லாம் அமைதியாக எரிய வேண்டும். மாரியம்மன் நோம்பி வந்தால் பாட்டுக்கு ஆட வேண்டும்.

ஒரு வழி சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஃபோகஸ் லைட்டுக்கு ஆன்-ஆஃப் போதும். சாமி ரூம் விளக்கை மங்கவும் வைக்க வேண்டும். சுவரில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி நிறம் காட்ட வேண்டும். இந்த மூன்றும் மூன்று வேலைகள், மூன்றுக்கும் வாங்கும் சாமான் வேறு. அப்புறம் பலரும் கேட்க மறக்கும் ஒரு கேள்வி: விளக்கு எரியும் நேரமெல்லாம் கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமா, இல்லை சொல்வதைச் சொல்லிவிட்டு அது தூங்கப் போகலாமா? நான் வழிகளைத் தரம் பிரிப்பது இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதலில் ஒரு பழைய வழியைத் தள்ளிவிடுகிறேன். பிரிண்டர் மாட்டும் 25 பின் பேரலல் போர்ட்டில் 2 முதல் 9 வரையுள்ள பின்களில் எட்டு விளக்குகளை நேரடியாக ஆட்டலாம். கல்லூரி ப்ராஜெக்ட்டுகள் பலவும் இப்படித்தான் நடந்தன. யுஎல்என் 2803 என்ற ஒரு சிப், எட்டு கம்பி, பத்து வரி நிரல், அவ்வளவுதான் செலவு. இன்று கடையில் வாங்கும் லேப்டாப்பில் அந்தப் போர்ட்டே கிடையாது. யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் வாங்கினால் போதுமே என்று தோன்றும். வாங்காதீர்கள். அந்தக் கேபிள் பிரிண்டரோடு மட்டும்தான் பேசும். தனித்தனி பின்னை ஏற்றி இறக்க விடாது. பரணில் பழைய பிசி இருந்தாலும் அது பூட் ஆகும்போது அந்தப் பின்கள் தம் இஷ்டத்துக்குச் சிமிட்டும். சாமி ரூமுக்கு அது ஆகாது.

ஃபோகஸ் லைட்டுக்கு முதலில் மனதில் வந்தது எட்டு ரிலே இருக்கும் யுஎஸ்பி போர்டு. ரிலே என்றால் மின்காந்தத்தால் இழுபடும் சுவிட்ச், கிணற்று ஸ்டார்ட்டரில் 'டக்' என்று ஒட்டுமே, அதன் குட்டி. நீல நிறப் பெட்டியாகக் கிடைக்கும் 5 வோல்ட் ரிலேக்களில் 250 வோல்ட், 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சின்ன பைத்தான் நிரலில் ஆன்-ஆஃப் செய்யலாம். ஏற்கெனவே மாட்டியிருக்கும் விளக்கைக் கழற்ற வேண்டாம் என்பது இதன் பெரிய வசதி.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ரிலே சுருள் இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 70 மில்லி ஆம்பியர். எட்டும் ஒரே நேரத்தில் ஒட்டினால் 560. சாதாரண யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500. ஏழு ரிலே வரை நன்றாக ஓடிவிட்டு எட்டாவதில் போர்டு தொங்கினால் நிரலைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள், தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். இன்னொன்று, 10 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதை எல்இடி விளக்குக்கு அப்படியே நம்பக் கூடாது. எல்இடி டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் ஆன் ஆகும் நொடியில் பெரிய மின்னோட்டத்தை ஒரே வாயாக விழுங்கும். அந்தப் பொறியில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு, ஆஃப் சொன்னாலும் பிரியாமல் நிற்கும். ஒரு ரிலேவுக்கு ஒன்றிரண்டு ஃபோகஸ் லைட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சத்தம் வராது என்று, அசையும் பாகமே இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலே வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதில் ஆஃப் நிலையிலும் கொஞ்சம் மின்சாரம் கசியும். பழைய குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. எல்இடி பல்பு இரவெல்லாம் மின்மினி மாதிரி மங்கலாக எரியும்.

நான் மாமா வீட்டில் முதலில் வைத்துப் பார்த்தது ஆர்டுயினோவோடு (நாம் எழுதும் நிரலை ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு) இணைத்த ரிலே போர்டுதான். இரவு பதினொன்றரைக்குக் கம்ப்யூட்டர் தானாக அப்டேட் எடுத்து மறுபடி எழுந்தது. எழுந்ததும் என் நிரல் சீரியல் போர்ட்டை, அதாவது யுஎஸ்பி கம்பி வழியே ஆர்டுயினோவோடு பேசும் வாயிலைத் திறந்தது. சீரியல் போர்ட்டைத் திறந்தாலே ஆர்டுயினோ ரீசெட் ஆகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வரியை மாற்றிப் போட்டிருந்தேன். அந்த ரிலே போர்டு பின்னில் மின்சாரம் இல்லாவிட்டால் ஒட்டும் ரகம். நான் பின்னை முதலில் அவுட்புட் ஆக்கிவிட்டு, அதற்கு அடுத்த வரியில்தான் ஹை (பின்னில் மின்சாரம் இருக்கும் நிலை) கொடுத்திருந்தேன். நடுவில் கிடைத்த அந்தக் கண்ணிமைப்பில் ஆறு ஃபோகஸ் லைட்டும் பளிச்சென்று வெட்டி அணைந்தன. நாய் குரைத்தது, மாடு எழுந்து நின்றது, அம்மிச்சி "ஆரது?" என்று டார்ச்சோடு வந்துவிட்டார். ஹை கொடுக்கும் வரியை மேலே ஏற்றியதும் சரியானது. ஆனாலும் யுஎஸ்பி கம்பியில் தொங்கும் எந்த ஏற்பாட்டிலும் கம்ப்யூட்டர் தும்மினால் விளக்கும் தும்மும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சாமி ரூம் மாதிரி பத்துப் பதினைந்து சின்ன எல்இடிகளுக்கு ஆர்டுயினோ ஊனோ தாராளம். ஆறு பின்களில் பிடபிள்யூஎம் (மின்சாரத்தை வெகு வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கும் உத்தி) உண்டு, அவற்றில் ஒளியை மங்க வைக்கலாம். ஒரு பின்னில் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்காதீர்கள். எல்லாம் சேர்த்து 200ஐத் தாண்டவே கூடாது. சிவப்பு எல்இடிக்கு 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் கணக்கு சரியாக வரும். விளக்கு கூடினால் 74எச்சி595 சிப்பைத் தொடராகக் கோத்துக்கொண்டே போகலாம், ஒன்றுக்கு எட்டு வாய். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த வழியில்தான் ஆரம்பிக்க வேண்டும். விளக்கு எரிவது ஏன் என்று புரிவது இதில் மட்டும்தான்.

இனி காம்பவுண்டுச் சுவர். மாமாவின் ஆசை முழுக்க அங்கேதான் இருந்தது.

சின்ன வயதில் நோம்பிக்கு ரேடியோ செட்டுக்காரர் கட்டும் சீரியல் போர்டுக்குப் பின்னால் போய் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு மர உருளை மோட்டாரில் மெதுவாகச் சுற்றும். உருளை மேல் தாமிரத் தகடுகளை வெட்டி ஒட்டியிருப்பார்கள். தகடு பட்ட கம்பிக்கு மின்சாரம் போகும், அந்த வரிசை பல்பு எரியும். முன்னால் அம்மன் கையில் சூலம் சுற்றுவது போலத் தெரியும். பின்னால் பார்த்தால் பட்டுப் பட்டென்று பொறி. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கம்பி என்பதால் போர்டுக்குப் பின்னால் கம்பி கற்றை கற்றையாகத் தொங்கும்.

டபிள்யூஎஸ் 2812பி வகை ஸ்ட்ரிப்பில் அந்தக் கற்றை மூன்று கம்பியாகச் சுருங்கிவிட்டது: மின்சாரம், கிரவுண்ட், டேட்டா. ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது. டேட்டா கம்பியில் வரும் முதல் 24 பிட்டை முதல் எல்இடி தனக்கென்று எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததுக்குத் தள்ளும். கல்யாணப் பந்தியில் இலைக்கட்டை முதல் ஆள் கையில் கொடுத்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆளுக்குக் கொடுப்பாரே, அதே கதை. ஒரு எல்இடிக்கு 30 மைக்ரோ செகண்ட். ஒரு எல்இடிதான் ஒரு புள்ளி. மீட்டருக்கு 30 புள்ளி, 15 மீட்டர் என்றால் 450 புள்ளி. ஒரு சுற்று முடிய 13.5 மில்லி செகண்ட். நொடிக்கு எழுபது படத்துக்கு மேல் காட்டலாம். கண்ணுக்கு அது தாராளம்.

சரி, அந்தப் படம் கம்ப்யூட்டரிலிருந்து எப்படி வந்து சேரும்? ஆர்டுயினோ மூலம் யுஎஸ்பி சீரியலில் அனுப்பினால், வழக்கமான 115200 வேகத்தில் நொடிக்கு 11,520 பைட் போகும். 450 புள்ளிக்கு ஒரு படம் 1,350 பைட். நொடிக்கு எட்டுப் படம்தான் தேறும், அது விக்கி விக்கித்தான் ஓடும். போதாததற்கு ஊனோவின் நினைவகமே மொத்தம் 2 கிலோபைட். ஐம்பது அறுபது புள்ளி வரை இந்த வழி சரி. சுவருக்குச் சரிப்படாது.

அதனால்தான் நான் ஈஎஸ்பி 32 பக்கம் சாய்கிறேன். விரல் நீளத்துக்கு ஒரு போர்டு, உள்ளேயே வைஃபை. ஒரு நல்ல ஸ்மார்ட் பல்பு வாங்கும் காசில் இது வந்துவிடும். இதில் டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளை ஏற்றினால், வீட்டுக் கம்ப்யூட்டரின் பிரவுசரிலேயே நிறம், வேகம், ஒளி எல்லாம் மாற்றலாம். நிரல் எழுத வேண்டாம். எழுதத் தெரிந்தவர்களுக்கு அதற்கும் வழி இருக்கிறது. ஒரு வரி கட்டளையை வைஃபையில் அனுப்பினால் கேட்டுக்கொள்ளும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாலும் கடைசியாகச் சொன்னதைப் போர்டே செய்துகொண்டிருக்கும். கரண்ட் போய் வந்தால் எந்த நிலையில் எழ வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லி வைக்கலாம். நடு ராத்திரி கரண்ட் வந்ததும் வீடே வெள்ளை வெளேரென்று விழித்துக்கொள்ளாது.

நோம்பிக்குப் பாட்டோடு ஆட வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் ஓடியே ஆக வேண்டும். லெட்எஃப்எக்ஸ் என்ற இலவச மென்பொருள் ஓடும் பாட்டைக் கேட்டுக்கேட்டு வைஃபையில் புள்ளிகளை ஆட்டும். உருமி அடிக்கு இன்ன நிறம், பம்பைக்கு இன்ன நிறம் என்று நொடி நொடியாக நாமே அமைக்க ஆசைப்பட்டால் எக்ஸ்லைட்ஸ் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு ஒரு சாயங்காலம் போய்விடும், சொல்லிவிட்டேன். பாட்டு முடிந்து கம்ப்யூட்டர் பேச்சை நிறுத்தினால் சில நொடிகளில் போர்டு தன் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும்.

இத்தனை சொல்லியும் மாமா செலவைப் போர்டில்தான் தேடிக்கொண்டிருந்தார். செலவு அங்கே இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. முழு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு 60 மில்லி ஆம்பியர் என்று கணக்கு வைப்பார்கள். 450 புள்ளிக்கு 27 ஆம்பியர், 5 வோல்ட்டில் 135 வாட். வாட் ஒன்றும் பெரிதில்லை, ஒரு டிவி அளவுதான். ஆம்பியர்தான் பெரிது. 27 ஆம்பியரை அந்த மெல்லிய ஸ்ட்ரிப்பின் ஒரு முனையில் ஊற்றினால் போகப் போக வோல்ட் இறங்கும். ஆசாரத்தில் ஐந்து மீட்டர் விரித்து முதலில் சோதித்தபோது இந்த முனையில் பால் வெள்ளை, அந்த முனையில் சுண்ணாம்பு பட்ட மஞ்சள் மாதிரி சிவந்திருந்தது. நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட அதிக வோல்ட் தேவை, அதனால் அவை முதலில் மங்கும். "கடைமடைக்குத் தண்ணி வரலீங்களா?" என்றேன். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்துக்காரர், வேறு விளக்கமே தேவைப்படவில்லை. "அப்ப நடுவுல ஒரு மடை வையி" என்றார். அதேதான் வைத்தியம்: ஐந்து மீட்டருக்கு ஒருமுறை தடித்த கம்பியில் மின்சாரத்தை மறுபடி கொடுக்க வேண்டும்.

இல்லாவிட்டால் 12 வோல்ட் ஸ்ட்ரிப்புக்குப் போகலாம். அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். டபிள்யூஎஸ் 2811 வகையில் பெரும்பாலும் மூன்று எல்இடி சேர்ந்துதான் ஒரு புள்ளி. ரோட்டிலிருந்து பார்க்கும் சுவருக்கு அது குறையாகத் தெரியாது. டபிள்யூஎஸ் 2815 வகையில் ஒவ்வொன்றும் தனித்தனி, கூடவே இரண்டாவது டேட்டா கம்பியும் உண்டு. 2812இல் ஒரு சிப் செத்தால் அதற்கு அப்பால் எல்லாம் இருட்டு. 2815இல் ஒன்று செத்தாலும் அடுத்தது தொடரும். விலை கொஞ்சம் கூட. அணில் ஓடும் சுவருக்கு நான் 2815தான் சொல்வேன்.

சின்னச் சின்ன சங்கதிகள் சில. ஈஎஸ்பியின் டேட்டா 3.3 வோல்ட், 5 வோல்ட் ஸ்ட்ரிப் 3.5க்கு மேல் எதிர்பார்க்கும். பல சமயம் ஓடிவிடும், ஓடாத அன்று நிறங்கள் பைத்தியம் பிடித்தாற்போல மின்னும். 74எச்சிடி125 என்ற சிப்பை நடுவில் வைத்தால் தீரும். போர்டின் கிரவுண்டும் ஸ்ட்ரிப்பின் கிரவுண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். விளக்கே எரியவில்லை என்று எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். போர்டை எஸ்எம்பிஎஸ்ஸோடு (ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் தரும் பெட்டி) சேர்த்து இரும்புப் பெட்டிக்குள் பூட்டினால் வைஃபை எட்டாது, பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஈஎஸ்பி 32க்கு 5 தெரியாது.

மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் பல்பு வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஏற்றது. திருப்பூரில் கம்பெனி பக்கத்திலேயே வீடெடுத்திருக்கும் நண்பனுக்கு நான் அதைத்தான் சொன்னேன். சுவரைத் தொட வேண்டாம், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றாக ஆட்ட ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி ஒரு மென்பொருள் தேவைப்படும். பல பல்புகளின் கட்டளை வெளியூர் சர்வர் வரை போய்த்தான் திரும்பும், இணையம் படுத்தால் அதுவும் படுக்கும். வீட்டில் யாராவது பழக்க தோஷத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் அதை எழுப்ப முடியாது. பாட்டுக்கு ஆடும் வேகமும் அதில் வராது.

டிஎம்எக்ஸ் 512 மேடை விளக்குக்காரர்களின் வழி. 1986இல் வந்தது, இன்றும் கல்யாண மண்டபங்களில் ஓடுகிறது. ஒரு கம்பியில் 512 சேனல். மூன்று நிறம் வீதம் 170 விளக்கு. க்யூஎல்சி பிளஸ் என்ற இலவச மென்பொருளும் ஒரு யுஎஸ்பி டாங்கிளும் போதும். நூறு மீட்டர் கம்பி இழுத்தாலும் பிசகாது. ஆனால் விளக்கே டிஎம்எக்ஸ் வாங்கும் விளக்காக இருக்க வேண்டும். வீட்டுக்கு அது அதிகப்படி.

இப்போதைய ரேடியோ செட்டுக்காரர்கள் உருளையை எப்போதோ விட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டரில் படத்தை அமைத்து எஸ்டி கார்டில் ஏற்றி, கண்ட்ரோலர் பெட்டியில் சொருகிவிட்டால் கோயில் முகப்பு முழுக்க இரவெல்லாம் ஆடும். வைஃபை வேண்டாம், ஆளும் வேண்டாம். ஒரே காட்சி திரும்பத் திரும்ப ஓடினால் போதும் என்பவர்களுக்கு இதைவிட உறுதியானது இல்லை. நிறத்தை மாற்றத் தோன்றினால் ஏணி போட்டு ஏறிக் கார்டைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான்.

மாமா வீட்டில் கடைசியில் நின்றது இது. சுவருக்கு 12 வோல்ட் 2815, ஆசாரத்துக்கு 5 வோல்ட் 2812பி, இரண்டுக்கும் தனித்தனி ஈஎஸ்பி 32. ஃபோகஸ் லைட்டுக்கு யுஎஸ்பி போர்டைக் கழற்றிவிட்டு வைஃபையில் பேசும் ரிலே போர்டு மூன்று. 230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்து, ரிலே ஃபேஸ் கம்பியில் வரும்படி, மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் ஈஎல்சிபிக்குப் பின்னால் கொடுத்தோம். தென்னைக்குத் தண்ணீர் கட்டும் இடம், அதில் சொந்த சாமர்த்தியம் காட்டவில்லை. சாமி ரூமில் ஆர்டுயினோ, மாமா பேத்தி தானே நிரல் எழுதினாள். கட்டுத்தரை பல்பு சுவர் சுவிட்சிலேயே இருக்கிறது. "பால் கறக்கப் போறவ கம்ப்யூட்டரத் தொறந்துட்டா போவா?" என்றார் அம்மிச்சி, அதற்கு மேல் நான் பேசவில்லை.

ஒரு ஈஎஸ்பி போர்டைக் கூடுதலாக வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் செட்டிங்கை டபிள்யூஎல்இடியில் பேக்கப் எடுத்து அதில் ஏற்றி, டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நோம்பியன்று சாயங்காலம் ஒரு போர்டு போனால் கோயம்புத்தூர் ஓடிப்போய் வாங்கிவர நேரம் இருக்காது.